முதல் மேசை ரம்பம்: தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் வெட்டு வரை

மேசை ரம்பம், அதாவது மேசைக்கு நடுவே வட்ட பிளேடு எட்டிப்பார்க்கும் மின்ரம்பம், வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது "எத்தனை ஹெச்பி?" என்பதைத்தான். நானும் அதைப் பார்த்துத்தான் என் முதல் ரம்பத்தை வாங்கினேன். மோட்டார் குறை சொல்ல முடியாதபடி ஓடியது, ஆனால் ஃபென்ஸ், அதாவது மரத்தைச் சாய்த்துத் தள்ளுவதற்காக மேசைமேல் நகர்த்திப் பூட்டும் நேரான சட்டம், ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒவ்வொரு கோணத்தில் நின்றது, அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் பலகாரத் தட்டு அளவு பிளைவுட் துண்டு ஒன்று வந்து அடிவயிற்றில் அடித்தது. பத்து நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. அதை எறிந்தது கோணல் ஃபென்ஸும், இடைஞ்சலாக இருக்கிறதென்று நானே கழற்றிப் போட்டிருந்த, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகடும்தான். மோட்டார் நன்றாக இருந்ததால் இன்னும் பலமாக எறிந்தது, அவ்வளவுதான்.

(ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் "டேபிள் சா" என்று வருகிறது. யாரையோ சபிப்பது போல இருப்பதால் மேசை ரம்பம் என்றே எழுதுகிறேன்.)

மரம் ஏன் பறக்கிறது

வாங்குவதற்கு முன் இது புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 முறை சுற்றினால் பல்லின் நுனி வினாடிக்கு ஏறக்குறைய 53 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டும், அதில் பெரிய ஆபத்து இல்லை. பிளேடின் பின்பாதியில் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து மேலே எழும்பி வருகின்றன. வெட்டுப்பட்டு நகரும் மரம் ஃபென்ஸுக்கும் இந்தப் பின்பக்கப் பல்லுக்கும் இடையில் நெருக்குப்பட்டால், பல் அதைத் தூக்கி பிளேடின் தலைமேல் ஏற்றி உங்களை நோக்கி வீசிவிடும். இதுதான் கிக்பேக். மரம் போகிற வேகத்தில் அதைப் பிடித்திருந்த கையும் பிளேடின் பக்கம் இழுபடலாம் என்பதுதான் இதில் மோசமான பகுதி.

நெருக்குவதற்கு முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று, ஃபென்ஸின் பின்முனை பிளேடின் பக்கம் சாய்ந்திருப்பது. இரண்டு, மரத்துக்குள்ளேயே இருக்கும் இறுக்கம்: சரியாக உலராத, அல்லது வளைந்து வளர்ந்த மரத்தை நெடுக வெட்டும்போது வெட்டின இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கி பிளேடைக் கவ்விக்கொள்ளும். ரைவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த எஃகுத் தகடு. வெட்டு மூடிக்கொள்ளாமலும், மரம் பின்பற்கள் பக்கம் நகராமலும் அது தடுக்கிறது. பிளேடை ஏற்றினால் கூடவே ஏறும், சாய்த்தால் கூடவே சாயும்.

எந்த வகை வாங்குவது

தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிறிய ரம்பங்கள் ஒரு வகை. 25 முதல் 40 கிலோ வரை எடை, கார்பன் பிரஷ் உள்ள மோட்டார், காதைக் கிழிக்கும் சத்தம், அலுமினிய மேசை. இடம் இல்லாதவர்களுக்கு இதுதான் சரி, வீட்டு அலமாரி, பெட்டி, பெஞ்சு எல்லாம் தாராளமாகச் செய்யலாம். அடுத்தது, கான்ட்ராக்டர் வகை: இண்டக்‌ஷன் மோட்டார் பின்னால் தொங்கும், பெல்ட் வழியாக பிளேடைச் சுற்றும், சத்தம் குறைவு. அதே மோட்டாரைப் பெட்டிக்குள் வைத்தால் ஹைப்ரிட். எல்லாவற்றுக்கும் மேலே கேபினட் ரம்பம், 3 ஹெச்பி முதல் 5 ஹெச்பி வரை, வார்ப்பிரும்பு மேசை, சாதாரணமாக 200 கிலோவுக்கு மேல். அது ஒருமுறை வைத்தால் வைத்த இடம்தான். ஐரோப்பியப் பட்டறைகளில் பலகையையே தாங்கிக்கொண்டு நகரும் சறுக்கு மேசை உள்ளதும் உண்டு, பிளைவுட் நிறைய வெட்டுபவர்களுக்கு அது வரம்.

என் கருத்து: புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல ஃபென்ஸ் உள்ள சிறிய ரம்பம், மோசமான ஃபென்ஸ் உள்ள பெரிய ரம்பத்தைவிட எவ்வளவோ மேல். 1.5 ஹெச்பி இருந்தாலே சரியான பிளேடு போட்டு 2 அங்குலத் தடிமன் கட்டை மரத்தை நிதானமாக நெடுக வெட்டிவிடலாம்.

வாங்கும்போது கையால் தொட்டுப் பாருங்கள்

ஃபென்ஸை நகர்த்திப் பூட்டுங்கள், அதன் பின்முனையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. திறந்து மறுபடி பூட்டுங்கள், முன்பு நின்ற கோணத்திலேயே நிற்க வேண்டும். இதை ஐந்தாறு முறை செய்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ரைவிங் நைஃப் இல்லாத ரம்பத்தை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். மேசையில் மைட்டர் கேஜ் (குறுக்கு வெட்டில் மரத்தைக் கோணம் மாறாமல் பிடித்துத் தள்ளும் கருவி) ஓடும் காடியைப் பாருங்கள்: 19 மில்லிமீட்டர் அகலம், 9.5 மில்லிமீட்டர் ஆழம் என்ற பரவலான அளவாக இருந்தால் பிற்பாடு ஜிக் (மரத்தைப் பிடித்து வழிநடத்தும் துணைச்சட்டம்) செய்வதும் வாங்குவதும் சுலபம். சில மலிவு ரம்பங்களில் விசித்திரமான அளவில் இருக்கும், அதற்குப் பொருந்துவது எதுவும் கிடைக்காது.

அப்புறம் ஆர்பர், அதாவது பிளேடு மாட்டும் அச்சு. அமெரிக்க வழக்கில் 5/8 அங்குலம் (15.88 மி.மீ.), ஐரோப்பிய வழக்கில் 30 மி.மீ., சிலவற்றில் 25.4 மி.மீ. உங்கள் ஊரில் எந்தத் துளை அளவுள்ள பிளேடு எளிதாகக் கிடைக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் செய்துகாட்டியது அது, சாஸ்டாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஒரு சிறிய மின்சமிக்ஞை ஓடுகிறது, மனித உடல் பட்டால் அது மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து சுமார் 5 மில்லிவினாடியில் அதை நிறுத்திவிடும். கையில் கீறலோடு போகும். பிளேடும், அந்தக் கட்டை இருக்கும் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் குப்பைக்குத்தான். ஈர மரம் பட்டாலும் சில சமயம் வேலை செய்துவிடும். வசதி இருந்தால் வாங்குங்கள், ஆனால் அது கிக்பேக்கைத் தடுக்காது என்பது நினைவிருக்கட்டும், எனக்கு வயிற்றில் விழுந்த அடி அந்த ரம்பத்திலும் விழுந்திருக்கும்.

பழையது வாங்குவதென்றால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கையால் சுற்றுங்கள், பேரிங்கில் கரகரப்பு இருக்கக் கூடாது. பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேசைமேல் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏற்றும் சக்கரம், சாய்க்கும் சக்கரம் இரண்டும் கடைசிவரை போக வேண்டும். மேல்துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். கழற்றிப் போட்ட பாதுகாப்பு உறையும் ரைவிங் நைஃபும் எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையே இல்லை" என்று பதில் வந்தால், அந்த மாடலுக்கு அவை தனியாகக் கிடைக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகு பேரம் பேசுங்கள்.

இடம், மின்சாரம், தூசு

முழு பிளைவுட் 2440-க்கு 1220 மில்லிமீட்டர். அதை நெடுக வெட்ட பிளேடுக்கு முன்னால் இரண்டரை மீட்டரும் பின்னால் இரண்டரை மீட்டரும் காலியாக வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் கைரம்பத்தாலோ சர்க்குலர் ரம்பத்தாலோ முதலில் தோராயமாகத் துண்டாக்கிக்கொண்டு, அளவு வெட்டை மட்டும் மேசையில் செய்யலாம். பின்பக்கம் மரத்தைத் தாங்க ஒரு மேசை வையுங்கள், ரம்பத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும், உயரமாக இருந்தால் மரம் அதில் முட்டி நின்றுவிடும், நின்றால் நீங்கள் பின்னால் எட்டி இழுக்கத் தோன்றும், அதைத்தான் செய்யக் கூடாது.

ரம்பத்துக்கென்று தனி மின்இணைப்பு இருப்பது நல்லது. நீட்டிப்பு வயர் போட்டே ஆக வேண்டுமென்றால் குட்டையாக, தடிமனாக, சுருட்டி வைக்காமல் போடுங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறையும், மோட்டார் சூடாகும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது, ஆகவே உறிஞ்சும் இயந்திரம் இல்லாவிட்டாலும் நல்ல முகக்கவசமாவது வேண்டும்.

பெட்டி பிரித்தாயிற்று, இனி அமைப்பது

இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே எதையாவது வெட்டிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மேசைமேலேயே வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வார்ப்பிரும்பு மேசையில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு பிசுபிசுப்பான கிரீஸ் பூசியிருப்பார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். காய்ந்த பிறகு பேஸ்ட் மெழுகு தேய்த்து மெருகேற்றுங்கள். சிலிகான் கலந்தது கூடாது, அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பிற்பாடு வார்னிஷ் பிடிக்காமல் புள்ளி புள்ளியாக விலகும். கால்களைச் சரிசெய்து நான்கும் தரையில் அழுந்தும்படி வையுங்கள். மட்டம் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஆட்டம் இருக்கக் கூடாது.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். மேசையில் எதுவும் நகர்த்த முடியாத கோடு ஒன்றே ஒன்றுதான்: மைட்டர் காடி. அதற்கு இணையாக முதலில் பிளேடு, அப்புறம் ஃபென்ஸ். வரிசை மாறினால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லை மார்க்கரால் குறியுங்கள். மைட்டர் கேஜில் ஒரு மரத்துண்டை இறுக்கி, அதன் முனையில் ஒரு திருகாணி போட்டு, குறியிட்ட பல் முன்பக்கம் மேசை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது திருகாணியின் தலை அதை உரசும்படி வையுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோங்கள், கேஜையும் காடியில் பின்னுக்குத் தள்ளி மறுபடி பாருங்கள். அதே உரசல் கேட்டால் இணையாக இருக்கிறது. இடைவெளி இருந்தால் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளக்கலாம், இல்லாவிட்டால் சாதாரணத் தாளை நுழைத்துப் பாருங்கள், அதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளுக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை. அதே பல்லை இரண்டு இடத்திலும் பயன்படுத்துவது ஏனென்றால், பிளேடு லேசாகக் கோணியிருந்தாலும் அந்தக் கோணல் அளவில் கலக்காது. கேஜின் கம்பியை இரண்டு முறையும் காடியின் ஒரே பக்கச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள், முதல்முறை நான் இதைச் செய்யாமல் இல்லாத பிழையை ஒரு மணிநேரம் திருத்திக்கொண்டிருந்தேன்.

திருத்த வேண்டியிருந்தால், கேபினட் ரம்பத்தில் மேசையைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்தி மேசையை நகர்த்த வேண்டும். மற்ற பெரும்பாலானவற்றில் பிளேடு தொகுதி மேசையின் அடியில் தொங்குகிறது, அதன் போல்ட்களில் மூன்றைத் தளர்த்தி, ஒன்றை லேசாகப் பிடித்திருக்கும்படி விட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். இறுக்கும்போது நகர்ந்துவிடும். மறுபடி அளக்க வேண்டும். மூன்று நான்கு சுற்று ஆகும், எல்லாருக்கும் அப்படித்தான்.

ஃபென்ஸ் சுலபம். காடியின் ஓரத்துக்கு நேராகக் கொண்டுவந்து பூட்டி, முன்னும் பின்னும் விரல்நுனியால் தடவினாலே ஏற்றத்தாழ்வு தெரியும். பின்முனை பிளேடின் பக்கம் சாயவே கூடாது. ஒரு தாளளவு விலகியிருந்தால் தப்பில்லை, வேண்டுமென்றே அப்படி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ரைவிங் நைஃபின் தடிமனை பிளேடோடு பொருத்திப் பாருங்கள். பிளேடின் தட்டைவிடத் தடிமனாகவும், பல் போடும் வெட்டைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தட்டு 2.2, வெட்டு 3.2 மில்லிமீட்டர் என்றால் நைஃப் 2.5 முதல் 2.8 வரை சரி. முழு வெட்டு பிளேடு எடுக்கும் 3.2 மில்லிமீட்டர் என்பது ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல், மெல்லிய வெட்டு பிளேடு 2.4, முக்கால் நூல். நைஃபை மாற்றாமல் பிளேடை மட்டும் மெல்லியதாக மாற்றினால் மரம் பாதியில் போய் முட்டி நிற்கும், பலர் இதனால்தான் நைஃபையே கழற்றி எறிகிறார்கள். ஒரு நேர்ச்சட்டத்தைப் பல்லுக்கு நடுவே பிளேடின் தட்டோடு ஒட்டி வைத்து, நைஃப் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள்.

90 பாகை பார்க்க மூலைமட்டத்தை பிளேடின் தட்டில் சாய்த்து வையுங்கள், பல்லில் படக் கூடாது. நிறுத்தத் திருகாணியை அதற்கேற்ப வைத்து, 45-க்கும் அதேபோல. ஆனால் கடைசித் தீர்ப்பு மரத்துடையதுதான், அதை முதல் வெட்டில் சொல்கிறேன். தொண்டைத் தகடு, அதாவது பிளேடைச் சுற்றியுள்ள மூடி, மேசையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்ஓரம் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் மரம் தட்டி நிற்கும்.

பிளேடு

ரம்பத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் சுமார்தான். 10 அங்குலத்தில் 24 பல் நெடுக்கு வெட்டுக்கு, 60 முதல் 80 வரை குறுக்கு வெட்டுக்கும் பிளைவுட்டுக்கும், 40 பல் எல்லாவற்றுக்கும் ஓரளவு. முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் கார்பைடு முனை உள்ள நல்ல 40 பல். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச வேகம் ரம்பத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாட்டும்போது மேலே தெரியும் பற்கள் உங்களைப் பார்த்திருக்கட்டும். நட்டு எந்தப் பக்கம் கழலும் என்று குழப்பம் வரும்: பொதுவாக பிளேடு சுழலும் திசையிலேயே திருப்பினால் கழலும். மரம் கருகினால் உடனே பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள், பல்லில் பிசின் அப்பியிருக்கும், கழுவினால் புதிதுபோல வெட்டும்.

முதல் வெட்டு

பிளக்கை மாட்டுவதற்கு முன் பிளேடைக் கையால் ஒரு சுற்று, மேலே, கீழே, சாய்த்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். சாவி, ஸ்பானர் எதுவும் மேசைமேல் கிடக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பான் போடுங்கள். கையுறை வேண்டாம், பிளேடு அதைக் கவ்வினால் கையோடு இழுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டையானால் மடித்துவிடுங்கள். பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கமாக நின்று இயக்கி, ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள்.

பிளேடின் பல் மரத்துக்கு மேலே ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும். முதல் வெட்டு குறுக்கு வெட்டாக இருக்கட்டும், ஒரு கையளவு அகலமுள்ள நேரான பலகை, மைட்டர் கேஜோடு, ஃபென்ஸை நன்றாகத் தள்ளிவைத்து. கேஜையும் ஃபென்ஸையும் ஒரே வெட்டில் சேர்த்துப் பயன்படுத்தினால் அறுபட்ட துண்டு இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பறக்கும். இரண்டும் இல்லாமல் வெறுங்கையால் தள்ளுவது அதைவிட மோசம்.

வெட்டின இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, இரண்டையும் ஒரு நேர்ச்சட்டத்தோடு ஒட்டி வைத்து வெட்டுமுகத்தைச் சேர்த்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஆப்பு மாதிரி இடைவெளி தெரிந்தால் மைட்டர் கேஜ் கோணல். பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்தால் பிளேடின் சாய்வு தப்பு. உண்மைப் பிழையைவிட இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் எந்த மூலைமட்டமும் காட்டாததை இது காட்டிவிடும்.

அடுத்து நெடுக்கு வெட்டு. ஃபென்ஸில் சாயும் ஓரம் நேராக, மேசையில் படும் முகம் தட்டையாக இருக்க வேண்டும். கிண்ணம்போலக் குழிந்த பலகையை, இழைத்துத் தட்டையாக்க வழியே இல்லையென்றால், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் ஆடாது. மரத்தைக் கீழே, முன்னே, ஃபென்ஸின் பக்கம் என்று மூன்று திசையிலும் அழுத்த வேண்டும், அழுத்தம் எப்போதும் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவிலுள்ள துண்டின்மேல். அதைப் பிளேடைத் தாண்டி முழுசாகத் தள்ளிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் அந்தத் துண்டு அங்கேயே நெருக்குப்படும். மறுபக்கம் விழுந்த துண்டைப் பிளேடு நின்ற பிறகு எடுங்கள். முதல் துண்டை அளந்து ஃபென்ஸ் அளவுகோலின் முள்ளையும் அப்போதே சரியாக வைத்துவிடலாம், பிளேடு மாற்றும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லையென்றால் அங்கே கை போகக் கூடாது, தள்ளுகோல்தான். அதனால் இந்த ரம்பத்தில் நீங்கள் செய்யும் முதல் பொருள் அலமாரியும் இல்லை, பெட்டியும் இல்லை: 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டில், செருப்பு வடிவில், அடியில் நீளமாகப் படிந்து மரத்தை மேலிருந்து அழுத்தும்படியும், பின்னால் குதிகால் ஒன்று மரத்தைப் பிடித்துத் தள்ளும்படியும் ஒரு தள்ளுகோல். வளைவுகளை ஜிக்சாவாலோ கைரம்பத்தாலோ வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே வடிவில் நான்கு செய்யுங்கள், ஒன்றைக் கை எட்டும் இடத்தில் ஃபென்ஸிலேயே மாட்டி வையுங்கள். பிளேடு அதன் மூக்கைக் கடித்துத் துப்பிவிட்டால் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.